பாதி அறிவிப்பு

மழை வலுத்ததும் மின்சாரம் போனது. மின்சாரம் போன நிமிடத்திலிருந்து அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

அலுவலகங்களுக்குத் தொலைபேசி அமைப்புகள் பொருத்தித் தருவதுதான் அவளும் கணவனும் சேர்ந்து நடத்தும் தொழில். கம்பி இழுப்பது, கூரைக்குள் ஊர்வது, சுவரில் துளை போடுவது எல்லாம் அவன் பாடு. எந்த அழைப்பு எந்த மேசையில் ஒலிக்க வேண்டும், யாரும் எடுக்காவிட்டால் எங்கே திரும்ப வேண்டும் என்று எக்ஸ்சேஞ்ச் பெட்டிக்குச் சொல்லிக் கொடுப்பது அவள் பாடு. இவர்களோடு மூன்றாவதாக ஒருவர் உண்டு. கணவனின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று ஊரில் பாதி அலுவலகங்களில் பேசுவது அவருடைய குரல்தான். கடையில் நின்று அரைக் கிலோ சர்க்கரை கேட்டால்கூட நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவர்களுக்குத் தோன்றும். நாத்தனாருக்கு அதில் உள்ளூரப் பெருமை. தொண்டைக்கு ஆகாது என்று கோடையிலும் வெந்நீர்தான் குடிப்பார்.

அந்த வாரம் ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் வேலை முடித்திருந்தார்கள். ஊரில் உள்ள அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தன. லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் சுவரில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். அது நேராக நிறுவனத்தின் எண்ணுக்கு அழைக்கும்; மறுபடி அமுக்கினால் துண்டிக்கும். அங்கே மூன்று பெண்கள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பேரும் பேச்சில் இருக்கும்போது வரும் அழைப்புக்கு வெறுமனே மணி அடித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று முதலாளி கேட்டார். பதிவு செய்த அறிவிப்பை ஓட்டும் சின்னப் பெட்டி ஒன்றை எக்ஸ்சேஞ்சோடு இணைத்துக் கொடுத்தார்கள்.

முதலாளி எழுதிக் கொடுத்ததை நாத்தனார் தேன் ஒழுகப் படித்திருந்தார். "வணக்கம். எங்கள் பணியாளர்கள் அனைவரும் மற்ற அழைப்புகளில் இருக்கிறார்கள். லிஃப்டுக்குள் யாராவது சிக்கியிருந்தால், தயவுசெய்து போனை வைக்க வேண்டாம். வேறு புகார்கள் என்றால், இப்போது போனை வைத்துவிட்டு, நாளை காலை ஒன்பது மணிக்கு மேல் அழையுங்கள். நன்றி."

பெட்டியைப் பொருத்திய அன்று முதலாளி இரண்டு போன்களிலிருந்து அழைத்துப் பார்த்தார். முதல் போனில் உடனே "வணக்கம்" வந்தது. இரண்டாவதில் கொஞ்ச நேரம் மணியடித்த பிறகுதான் வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"மணி அடிச்சுக்கிட்டேதானே இருக்கு? அப்புறம் எதுக்கும்மா இந்தப் பொட்டி?"

"பஸ் மாதிரி வெச்சுக்கோங்க சார்" என்று அவள் விளக்கினாள். "ஒண்ணு கிளம்பிடுச்சுன்னா, அப்புறம் வர்றவங்க அடுத்த பஸ்ஸுக்கு நிக்கணும். அப்பத்தான் எல்லாரும் முதல்ல இருந்து கேப்பாங்க. காத்திருக்க வேணாம்னா, பின்னாடி இருக்கற ஸ்விட்சை மாத்தி, ஓடற பஸ்ல ஏத்தற மாதிரி நடுவுல சேத்துவிடலாம். ஆனா அது உங்களுக்குச் சரிப்படாது."

முதலாளி தலையாட்டினார். அவள் அடுத்த வேலையைப் பார்க்கக் கிளம்பினாள். கம்பிகளை ஒழுங்குபடுத்தக் கணவன் அங்கேயே இருந்தான்.

அதற்குப் பிறகு ஊரெங்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது இதுதான் முதல் தடவை. எத்தனை லிஃப்டுகள் இப்போது அந்தரத்தில் நிற்கும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். ஜன்னலுக்குப் போனாள். எதிர்க் கட்டடங்கள் ஒரு விளக்கில்லாமல் நனைந்துகொண்டிருந்தன. சமையலறைக்குப் போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். அதை ஏற்கெனவே பார்த்திருந்தாள். திரும்பவும் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஒரு இடத்துல உக்காரேன்" என்றார் நாத்தனார். அவர் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு, மிச்சமிருந்த வெளிச்சத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். "நீ நடக்கறதப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது."

"ஒரு தடவை போட்டுப் பார்த்துடறேன் அண்ணி."

"நீ போட்டா, நிஜமா மாட்டிக்கிட்டவங்களுக்கு லைன் கிடைக்காமப் போயிடப் போகுது."

அதுவும் உண்மைதான். போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். மனசு கேட்கவில்லை. அழைத்தே விட்டாள்.

மணி அடிக்கவேயில்லை. எடுத்த எடுப்பில் நாத்தனாரின் குரல் வந்தது. "...போனை வைத்துவிட்டு, நாளை காலை ஒன்பது மணிக்கு மேல் அழையுங்கள். நன்றி."

இணைப்பில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தாள். துண்டித்துவிட்டு மறுபடி அழைத்தாள். "...வேண்டாம். வேறு புகார்கள் என்றால்..." என்று தொடங்கியது.

உடனே மூன்றாவது தடவை அழைத்தாள்.

"அண்ணி, இதைக் கேளுங்க" என்று போனை நாத்தனாரின் காதில் வைத்தாள். தன் குரல் என்பதால் நாத்தனார் லேசாகப் புன்னகைத்தபடி கேட்கத் தொடங்கினார். புன்னகை பாதியில் நின்றது.

"என்னடி இது, நடுவுல இருந்து வருது?"

அவள் கணவனை அழைத்தாள். அவன் ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரைக்குள் இருந்தான்.

"லிஃப்ட் ஆபீஸ்ல பொட்டிக்குப் பின்னாடி இருக்கற ஸ்விட்சைத் தொட்டீங்களா?"

"ஆமா. நீ போனப்புறம் அவர் கேட்டார். ஒரு நொடிகூட மணி அடிக்கக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னார். மாத்திக் கொடுத்தேன். ஏன்?"

"ஏன்னா கேக்கறீங்க? உள்ள மாட்டிக்கிட்டவன் போன் பண்றான். போனை வெச்சுட்டு நாளைக்கு வான்னு நாம சொல்லிட்டு இருக்கோம்!"

அந்தப் பக்கம் ஏணியில் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் இப்பவே கிளம்பறேன்" என்றான்.

"நீங்க வந்து சேர்றதுக்குள்ள விடிஞ்சிடும். நான் போறேன்."

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவள் ஸ்கூட்டர் சாவியைத் தேடியபோது, நாத்தனாரும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த மழையில நீங்க எதுக்கு அண்ணி? தொண்டை என்னத்துக்கு ஆகும்?"

"வெக்கச் சொன்னது என் தொண்டைதானே? நட."

தண்ணீர் தேங்கிய சாலையில் வண்டி இரண்டு முறை இருமி நின்று, மறுபடி கிளம்பியது. சிக்னல் விளக்குகள் இல்லாத சந்திப்புகளில் எல்லோரும் எல்லோரையும் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒவ்வொரு சந்திப்பும் ஒரு யுகமாக இருந்தது.

லிஃப்ட் நிறுவனம் நான்காவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தின் லிஃப்டும் நின்றுபோயிருந்தது. இரண்டு பேரும் படியேறினார்கள். நாத்தனார் மூச்சு வாங்கியபடி, "ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கறவன் ஆபீசுக்கு நம்ம தலையெழுத்து, படியேறிப் போறோம்" என்றார். அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

அறையில் பேட்டரி விளக்கு ஒன்று எரிந்தது. மூன்று பெண்களும் இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் ஷிஃப்ட் அக்கா என்று கூப்பிடுவார்கள். அவர் முன்னால் இருந்த பலகையில், காத்திருக்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். விளக்குகள் வந்தன, கொஞ்சம் நின்றன, தாமாகவே அணைந்தன. மறுபடி வந்தன, அணைந்தன.

ஷிஃப்ட் அக்கா ஹெட்செட்டைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார். "நல்ல பொட்டி கொடுத்தீங்கம்மா. போன மழைக்கு மூச்சு விட முடியல. இன்னிக்குப் பாருங்க, அவங்களே வெச்சுட்டுப் போயிடறாங்க."

அவள் நேராகச் சுவரோரம் போனாள். பெட்டி தன் பாட்டுக்குப் பச்சை விளக்கைச் சிமிட்டியபடி ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் அதன் கம்பியைப் பிடித்து உருவினாள்.

பலகையில் விளக்குகள் அணைவது நின்றது. ஒன்று வந்தது, நின்றது. இன்னொன்று வந்தது, அதுவும் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை முழுக்கச் சிவந்தது.

"ஐயோ, எல்லாம் அப்படியே நிக்குதே!" என்று ஷிஃப்ட் அக்கா பதறினார்.

"நிக்கட்டும் அக்கா. நிக்கத்தான் வேணும்."

உள் அறையிலிருந்து முதலாளி வந்தார். அவள் சுருக்கமாகச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தானே மாத்தச் சொன்னேன்" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்ல வாய் திறந்தவரை அவள் தடுத்தாள்.

"சார், அதை அப்புறம் பார்க்கலாம். பதில் கிடைக்காம வெச்சவங்க நம்பரெல்லாம் எக்ஸ்சேஞ்ச் திரையில இருக்கு. ஒவ்வொண்ணா நாம கூப்பிடுவோம். நீங்க உங்க போன்ல கூப்பிடுங்க, நான் என்னோடதுல. அண்ணி, நீங்களும்."

மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு குடியிருப்பில் காவலாளியே கதவைத் திறந்து ஆட்களை வெளியே எடுத்திருந்தான். இன்னொரு இடத்தில், விளக்கு எரியவில்லை என்று சொல்லத்தான் அழைத்தார்களாம். ஒரு அலுவலகத்தில் எடுத்தவர், "நாளைக்கு ஒன்பது மணின்னு சொன்னீங்களே, இப்ப எதுக்குக் கூப்பிடறீங்க?" என்று எரிந்து விழுந்தார். ஒவ்வொரு முறை யாராவது எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லும்போதும் அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த எண்ணைத் தட்டும்போது அது மறுபடி நின்றது. உட்கார்ந்து அழைக்க முடியவில்லை. மேசைக்கும் சுவருக்கும் நடந்துகொண்டே அழைத்தாள்.

அப்போது நாத்தனார் கையை உயர்த்தினார். அவர் அழைத்த எண் ஒரு லிஃப்டுக்குள் இருக்கும் போன். வெளியிலிருந்து கூப்பிட்டால் அது தானாகவே இணைப்பை எடுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பவர் எதையும் தொட வேண்டியதில்லை. நாத்தனார் ஸ்பீக்கரைப் போட்டார். காலி டப்பாவுக்குள் காற்று வீசுவது போல ஓர் இரைச்சல் வந்தது.

"வணக்கம்" என்றார் நாத்தனார். பழக்க தோஷம், குரல் அதே தேனோடுதான் வந்தது. "லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்திலிருந்து அழைக்கிறோம். உள்ளே யாராவது இருக்கிறீர்களா?"

"நீங்களா!" என்று ஓர் ஆண்குரல் அலறியது. "நீங்கதானே வெக்கச் சொன்னீங்க? போனை வெச்சுட்டு நாளைக்குக் காலைல கூப்பிடுன்னு சொன்னீங்க, நன்றி வேற சொன்னீங்க! சரியாக் காதுல விழலையோன்னு ரெண்டாவது தடவை கூப்பிட்டேன். அப்பவும் அதையே சொன்னீங்க. இவங்களுக்கு நம்ம மேல என்ன கோபமோன்னு விட்டுட்டேன்."

நாத்தனார் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தார்.

"சார், அது... அது ரெக்கார்டிங் சார்."

"ரெக்கார்டிங்கா? அப்ப இப்ப பேசறது?"

"இப்ப நான்தான் சார்."

"நான் எப்படி நம்பறது? அதே குரல்தானே? இதுவும் ஓடி முடிஞ்சு நன்றின்னு சொல்லிட்டு நின்னுடும்." அவர் குரல் உடைந்தது. "மனுஷியா இருந்தா ஏதாவது கேளுங்க. மெஷின் கேள்வி கேக்காது."

நாத்தனார் அவளைப் பார்த்தார். எழுதிக் கொடுத்ததைப் படித்தே பழகியவர் அவர். முன்னால் ஒரு தாள்கூட இல்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் தேன் இல்லாத குரலில் கேட்டார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு" என்றார் அந்த மனிதர்.

இதற்குள் ஷிஃப்ட் அக்கா அந்த எண் எந்தக் கட்டடத்தினுடையது என்று கண்டுபிடித்திருந்தார். புதிய குடியிருப்பு, பாதி வீடுகளுக்கு இன்னும் ஆட்கள் வரவில்லை. எச்சரிக்கை மணி அடித்தாலும் கேட்க ஆளில்லை. மெக்கானிக்குகள் எல்லோரும் வெவ்வேறு இடங்களில் இருந்தார்கள். ஒருவரைக் கிளப்பிவிட்டார், ஆனால் வெள்ளத்தில் வந்து சேர நேரமாகும் என்றார்.

"ஆள் கிளம்பிட்டாங்க சார். வந்துக்கிட்டே இருக்காங்க. நான் போனை வெக்க மாட்டேன்" என்றார் நாத்தனார். "நீங்க தனியாவா இருக்கீங்க?"

"நானும் மீனும்."

"எந்த மீனு?"

அவர் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய் மீன்தொட்டி கழுவிக் கொடுக்கிறவர். மேல்மாடியில் ஒரு வீட்டுக்குப் புதுத் தொட்டி வைத்துவிட்டு, வண்டியிலிருந்து மீன் பையை எடுத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். செல்போன் வண்டியிலேயே இருந்தது. கையில் இருந்தது தண்ணீரும் காற்றும் அடைத்த பை, அதற்குள் தங்கமீன்கள். உள்ளே இருந்த அவசர விளக்கும் மங்கி அணைந்துவிட்டது.

"பையில இருக்கற காத்து இவ்வளவு நேரத்துக்குப் பத்தாது. தொட்டில் மாதிரி ஆட்டிக்கிட்டே இருந்தாத்தான் தண்ணியில காத்து கலக்கும். அப்போலேருந்து ஆட்டறேன். கை விட்டுப் போச்சு."

"கையை மாத்திக்கோங்க."

"ரெண்டு கையும்தான் சொல்றேன்."

"அப்ப நான் எண்ணறேன், நீங்க ஆட்டுங்க. எண்ணினா கை வலி தெரியாது. எங்க அம்மா மாவாட்டும்போது நான் எண்ணுவேன்."

அவள் அதைக் கேட்டுக்கொண்டே தன் பங்கு எண்களை அழைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் எண்ணினார். நடுவில் கதை சொன்னார். தனக்கு லிஃப்ட் என்றாலே ஆகாது, கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுவேன் என்றார். அவர் எத்தனை வீட்டுத் தொட்டிகளைப் பார்க்கிறார், பிள்ளைகள் உண்டா, மீனுக்குப் பெயர் வைப்பாரா என்று வரிசையாகக் கேட்டார். ஒரே மகள் என்றார் அவர். மீனுக்குப் பெயர் வைத்தால் சாகும்போது கஷ்டம், அதனால் வைப்பதில்லை என்றார். நாத்தனாரின் தொண்டை கரகரத்தது. தண்ணீர் என்று சைகை காட்டினார். அவள் கொண்டுபோனது பானையில் இருந்த பச்சைத் தண்ணீர். ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

திடீரென்று அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"சார்? சார், இருக்கீங்களா?"

அவள் காதில் போன் இருந்தது. அந்தப் பக்கத்தில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"இருக்கேன்" என்றார் அவர், ரொம்ப மெதுவாக. "உக்காந்துட்டேன். ஒண்ணு மல்லாந்துடுச்சு போலிருக்கு. இருட்டுல தெரியல. விரல்ல தட்டினா நகரல."

"மத்தது நகருதா?"

"நகருது."

"அப்ப ஆட்டுங்க."

கடைசியில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. மேலேயிருந்து ஒரு குரல், "யாருங்க உள்ள? இருங்க, கையாலேயே இறக்கறேன்" என்றது. அப்புறம் ஏதோ முனகல், தடதடவென்ற சத்தம், பேச்சுகள். மீன்காரர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வெளியே போய்விட்டார். காலி லிஃப்டின் இரைச்சல் மட்டும் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் அதையும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவள்தான் போய் அணைத்தாள்.

பிறகு மெக்கானிக் அழைத்துச் சொன்னார். ஆளுக்கு ஒன்றுமில்லை, கால் மரத்துப்போயிருந்தது, பிடித்து நடக்க வைத்தாராம். மீன்களில் இரண்டு செத்துவிட்டன. மிச்சத்தை மேல்மாடி வீட்டுத் தொட்டியில் விட்டுவிட்டுத்தான் அந்த மனிதர் வெளியே வந்து தண்ணீர் கேட்டாராம்.

கணவன் தெப்பலாக நனைந்து வந்து சேர்ந்தபோது மின்சாரம் வந்திருந்தது. பலகையில் ஒன்றிரண்டு விளக்குகள்தான் எரிந்தன. அவன் பெட்டியைப் பார்த்தான், உருவிக் கிடந்த கம்பியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"யாருக்காவது...?"

"உயிரோட இருக்கார்" என்றாள் அவள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"மறைக்கணும்னு இல்ல. சின்ன ஸ்விட்ச்தானேன்னு நெனச்சேன். அதோட..." அவன் தலையைத் துவட்டுவதுபோலத் துண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். "சொன்னா நீ வேணாம்பே. அவர் வேணும்பார். நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கணும். அதான்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். அவன் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்ததால் கேட்க முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "என்ன பண்ணலாம்மா? பொட்டியைத் தூக்கிடலாமா?"

"பொட்டி இருக்கட்டும் சார். ஸ்விட்சைப் பழையபடி வெக்கறேன், எல்லாரும் முதல்ல இருந்து கேக்கட்டும். ஆனா அதுமட்டும் போதாது. நாளைக்கு இன்னொருத்தர் வந்து வேற எதையாவது மாத்துவார். அதனால வார்த்தையையும் மாத்தணும். எந்த இடத்துல வந்து சேர்ந்தாலும் ஆளுக்குக் கெடுதல் வரக் கூடாது. போனை வைங்கன்னு ஒரு வார்த்தையே அதுல இருக்கக் கூடாது."

"அப்ப மத்த புகார்க்காரங்க?"

"காத்திருக்கட்டும் சார். அவங்க தரையிலதானே நிக்கறாங்க?"

முதலாளி ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்து எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் வந்தது மிகச் சின்னதாக இருந்தது. "லிஃப்ட் உதவி மையம். லைனிலேயே இருங்கள். உங்களிடம் பேச ஆள் வருகிறார். லைனிலேயே இருங்கள்." எங்கே வெட்டினாலும் அது போ என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை நாத்தனாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. நாலு நாள் கழித்துப் பதிவு செய்யலாம் என்றான் தம்பி. அவர் கேட்கவில்லை. மைக்கின் முன்னால் உட்கார்ந்து படித்தார். முதல் தடவை வழக்கமான தோரணையில் வந்தது. அவரே நிறுத்தச் சொன்னார். இரண்டாவது தடவை தேவைக்கு மேல் உருக்கமாக இருந்தது. மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டு வெளியே பார்த்தபடி இருந்தார்.

"என்ன அண்ணி?"

"ஆள் வருகிறார்னு சொல்றேனே. வராம போனா?"

"அது ஷிஃப்ட் அக்கா பாடு அண்ணி" என்றாள். சொன்ன பிறகு அது அவளுக்கே போதவில்லை. அன்று மதியமே முதலாளியைக் கூப்பிட்டு, மழை நாட்களுக்கு இன்னும் இரண்டு பேரை அந்த மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஒருவரை வைக்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் நகரவில்லை.

கட்டிய தொண்டையோடு நாலாவது தடவை படித்ததைத்தான் கடைசியில் வைத்துக்கொண்டார்கள். நாத்தனாரின் குரல் என்று அதைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் ஜன்னலுக்கு வந்து சொல்வது போல இருந்தது. மாற்றிப் படிக்கலாமா என்று தம்பி பிறகு இரண்டு முறை கேட்டுப் பார்த்தான். வேண்டாம் என்றுவிட்டார்.

புது அறிவிப்பை ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில், படி இறங்கும்போது அவள் நின்றாள். கருவிப் பையைச் சுமந்துகொண்டு முன்னால் போன கணவன் திரும்பிப் பார்த்தான்.

"வேற எங்கயாவது அந்த ஸ்விட்சை மாத்தியிருக்கீங்களா?"

அவன் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான். அதற்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

"ரெண்டு இடத்துல" என்றான்.

"எங்க?"

"சமையல் காஸ் ஏஜென்சி ஒண்ணு. அப்புறம் அந்தக் குழந்தைகள் கிளினிக்."

அவள் பைக்குள் கையை விட்டாள். போன் கையில் தட்டுப்படவில்லை. படியிலேயே உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். சாவி, டெஸ்டர், கம்பித் துண்டுகளுக்கு நடுவே போன் விழுந்தது. காஸ் ஏஜென்சியில் முதல் மணியிலேயே ஒருவர் எடுத்துவிட்டார். அந்தப் பெட்டி வேலை செய்யவே வாய்ப்பில்லாதபடி அங்கே ஆட்கள் சும்மா இருந்தார்கள். கிளினிக்கில் மணியே அடிக்கவில்லை. எடுத்த எடுப்பில் நாத்தனாரின் பழைய குரல் வந்தது; வலிப்பென்றால் லைனிலேயே இருங்கள் என்ற முன்பாதி அதில் இல்லை. "...காய்ச்சல் மட்டும் என்றால் மாலையில் அழைக்கவும்."

"என்ன சொல்லுது?" என்று கணவன் மூன்று படி கீழே நின்று கேட்டான்.

அவள் சிதறிய சாமான்களைப் பைக்குள் அள்ளிப் போட்டாள். வெளியே மழை விட்டிருந்தது, ஆனால் வானம் வெளுக்கவில்லை. கிளினிக்கில் வரவேற்பு மேசைப் பெண், "யாரும் ஒரு குறையும் சொல்லலையே" என்றுதான் சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். குறை சொல்லக்கூடியவர்கள் போனை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்தப் பெண்ணிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று யோசித்தபடியே வண்டியைக் கிளப்பினாள். கணவன் ஏறி உட்கார்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவன் இரண்டு அடி ஓடி வந்து, பையோடு பின்னால் தாவி ஏறினான்.